சுபேதாருக்கு மேலே ஒரு படி

எங்கள் பெரியப்பா 28 வருஷம் ராணுவத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். திருமங்கலம் பக்கம் ஊர்க் கல்யாணங்களில் யாராவது அவரை "இவரு மிலிட்டரி ஆபீசர்" என்று அறிமுகப்படுத்தினால் உடனே குறுக்கே விழுந்து, "ஆபீசர் இல்லப்பா, ஜே.சி.ஓ." என்று திருத்துவார். எதிராளிக்கு ஒன்றும் புரியாது. ஆபீசர் என்று சொன்னால் சந்தோஷப்படாமல் இந்த மனுஷன் ஏன் இப்படிச் சண்டைக்கு வருகிறார் என்று பார்ப்பார்கள்.

சின்ன வயதில் எனக்கும் புரியாது. பிறகு அவரே ஒருநாள் விளக்கினார். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்கிறவர் நாயக், ஹவில்தார் என்று ஏறிப்போய், நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் வரை போகலாம். இந்தக் கடைசி மூன்று படிகளுக்குத்தான் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் என்று பெயர். ஜவான்கள் இவர்களை 'சாப்' என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அகாடமியில் இருந்து நேற்று வெளியே வந்த 22 வயது லெப்டினன்ட் எதிரே வந்தால், 50 வயது சுபேதார்தான் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். "சட்டம்னா சட்டம்தானே, அதுல வருத்தம் இல்ல" என்பார் பெரியப்பா. வருத்தம் இல்லாதவர் ஏன் இத்தனை தடவை சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இப்போது அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, சிப்பாயாக இருக்கிறார். வயது 26. ஆர்மி கேடட் காலேஜ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். சிப்பாயாக இருப்பவர் கமிஷன் பெற்று அசல் ஆபீசர் ஆக இருக்கும் முக்கியமான வாசல் அது. பிளஸ் டூ முடித்து, குறைந்தது 2 வருஷம் சர்வீஸ் இருந்து, 27 வயதுக்குள் எழுத்துத் தேர்வும் 5 நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகமும் தாண்டினால் டேராடூன்.

போன விடுமுறையில் அவர் வந்திருந்தபோது, "நம்ம ஊர்க்காரன் எவனாவது சிப்பாயா சேர்ந்து பெரிய ஆபீசர் ஆயிருக்கானாடா? ஹிஸ்டரி எல்லாம் படிக்கிறியே" என்று கேட்டார். (நான் படிப்பது பி.காம். பொது நூலகத்தில் சரித்திரப் புத்தகம் எடுப்பதை வைத்து வீட்டில் எனக்கு இப்படி ஒரு பட்டம்.) யோசித்தேன். ஒரே ஒரு பேர்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பேர் நம் மதுரையிலேயே தெருக்களுக்கு இருக்கிறது. கான்பாளையம், கான்சா மேட்டுத் தெரு.

ஆமாம், கான்சாகிபு. முகமது யூசுப் கான். கமல்ஹாசன் 1997-ல் இங்கிலாந்து ராணியைக் கூப்பிட்டுத் துவக்க விழா நடத்தி, முடிக்காமலே விட்ட 'மருதநாயகம்' படத்தின் நாயகன். நமக்கெல்லாம் அவரைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் அந்த விழாதான்.

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர், 1725 வாக்கில். மருதநாயகம் பிள்ளை என்ற வேளாளப் பையன் ஊரை விட்டு ஓடிப்போய், பிறகு முஸ்லிம் ஆனார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. இல்லை, பிறப்பிலேயே முஸ்லிம் என்பவர்களும் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தார், வெள்ளைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்து பாஷைகள் கற்றுக்கொண்டார் என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்த ஆரம்பக் கதைகளில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பெரிய ஆள் ஆன பிறகு யாருக்கும் இப்படி நாலு கதை முளைக்கும்.

உறுதியாகத் தெரிவது, 1752-ல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம், ராபர்ட் கிளைவின் படையில் இருக்கிறார் என்பது. இங்கே கிளைவ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் 1744-ல் மதராசுக்கு வந்தது குமாஸ்தாவாக. கணக்கு எழுத வந்தவர், அதாவது நம்ம காமர்ஸ் ஆள் :-) அங்கிருந்து பட்டாளத்துக்குத் தாவி 1747-ல் கமிஷன் வாங்கினார். ராணுவக் கல்லூரி பக்கமே போனதில்லை. சண்டையில் கெட்டிக்காரராக இருந்தார், மேலே போனார். யூசுப் கானும் சண்டையில் கெட்டிக்காரர்தான். இருவரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அப்போது நடந்துகொண்டிருந்தது திருச்சிராப்பள்ளி முற்றுகை. கர்நாடகத்துக்கு யார் நவாப் என்ற சண்டையில் முகமது அலிக்குக் கம்பெனி ஆதரவு, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் ஆதரவு. சந்தா சாகிபு 1752-லேயே கொல்லப்பட்டார். ஆனாலும் மைசூர்ப் படையும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து திருச்சியை விடவில்லை. கோட்டைக்குள் இருந்த கம்பெனிப் படைக்குப் பெரிய பிரச்சினை பீரங்கி இல்லை, சோறு. தஞ்சாவூரில் இருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டில் இருந்தும் அரிசி மூட்டையும் மாடும் வந்தாக வேண்டும். வழியெல்லாம் எதிரிக் குதிரைப்படை.

இந்த வேலையில்தான் யூசுப் கான் பேர் வாங்கினார். ராத்திரி எந்தப் பாதையில் போவது, எந்த ஊரில் யாரை நம்பலாம், எதிரி முகாமில் என்ன பேச்சு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாள் வீசுகிற வீரம் நூறு பேருக்கு இருந்திருக்கும். தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இவரை விட்டால் ஆள் இல்லை என்று நினைக்கக் காரணம் இந்த 'சப்ளை' மூளை. பிறவிச் சிப்பாய் என்று மேலிடத்துக்கு எழுதிப் புகழ்ந்தார்.

1754-ல் கம்பெனியின் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் அவர் கமாண்டன்ட். தங்கப் பதக்கமும் கிடைத்தது. கமாண்டன்ட் என்ற வார்த்தை நம் ஜனங்கள் வாயில் நுழைந்து 'கும்மந்தான்' ஆனது. நாட்டுப்பாடலிலும் அவர் கும்மந்தான் கான்சாகிபுதான்.

அதே வருஷம் அவரைக் கவிழ்க்க ஒரு முயற்சியும் நடந்தது. லாரன்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் பொன்னியப்பா. அந்தக் காலத்தில் துபாஷி என்றால் சாதாரண ஆள் இல்லை. வெள்ளைக்காரத் தளபதிக்குக் காதும் வாயும் அவர்தான். இங்கே யார் என்ன சொன்னாலும் அவர் வழியாகத்தான் போகும். அப்படி ஒருவருக்கு, தளபதியின் நேரடி நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு சிப்பாயைப் பிடிக்குமா? யூசுப் கான் மைசூர்க்காரர்களோடு ரகசியப் பேரம் பேசுகிறார் என்று காட்ட ஒரு பொய்க் கடிதம் தயாரானது. கடிதம் சிக்கியது, விசாரணை நடந்தது. பொய் என்று தெரிந்ததும் பொன்னியப்பாவைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப் கான் தப்பித்தார். இருந்தாலும் எனக்கு இந்தச் சம்பவம்தான் அவர் கதையின் சாவி என்று படுகிறது. அத்தனை பெரிய பதவியில் இருந்தவரை ஒரே ஒரு கடிதம் சந்தேகக் கூண்டில் ஏற்ற முடிந்தது. அவருடைய பதவிக்குப் பின்னால் இருந்தது லாரன்சின் நல்லெண்ணம். அது இருக்கும்வரை எல்லாம் இருக்கும்.

அடுத்த வருஷம், 1755-ல், கர்னல் ஹெரோன் என்பவர் தலைமையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்கப் படை வந்தது. யூசுப் கானும் கூட வந்தார். ஹெரோன் லஞ்சம் வாங்கினார், கோவில்குடிக் கோயிலின் சாமி சிலைகளைத் தூக்கினார். திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து நொறுக்கிவிட்டார்கள். மதராசில் ஹெரோனை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, இனிக் கம்பெனி வேலைக்கு லாயக்கில்லை என்று நீக்கினார்கள். குற்றம் செய்த ஆபீசருக்கும் கோர்ட் மார்ஷல் என்ற முறை இருந்தது. ஹெரோனுக்கு விசாரணை கிடைத்தது, உயிரும் மிஞ்சியது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு யூசுப் கானுக்கு மதுரை. 1757-ல் மதுரைக் கோட்டையைக் காலியோ என்ற ஆங்கிலேயத் தளபதி முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல், உள்ளே இருந்த படைக்கு 1,70,000 ரூபாய் கொடுத்துத்தான் வாங்கினார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராசை முற்றுகையிட்டபோது யூசுப் கானை வடக்கே கூப்பிட்டார்கள். தெற்கில் இருந்து படை திரட்டிக்கொண்டு போய், பிரெஞ்சுக்காரருக்கு வெளியில் இருந்து வரும் தீனியை வெட்டினார். திருச்சியில் கற்ற அதே பாடம், இப்போது தலைகீழாக. 1759 பிப்ரவரி 9-ல் பரங்கிமலையில் கடும் சண்டை. எட்டு நாளில் லாலி முற்றுகையை விட்டு ஓடினார். அந்தப் பரங்கிமலையில்தான் 1963-ல் இருந்து ராணுவ ஆபீசர்களுக்கான பயிற்சி அகாடமி இருக்கிறது. சென்னை போகும் ரயிலில் அந்தப் பக்கம் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனி வருவது எங்கள் பாடப்புத்தக விஷயம். 1759-ல் கம்பெனி மதுரை, திருநெல்வேலி இரண்டையும் யூசுப் கானுக்குக் குத்தகைக்கு விட்டது, வருஷம் 5 லட்சம் ரூபாய். அவர் வரி வசூலித்து, படையையும் வைத்துக்கொண்டு, 5 லட்சத்தைக் கட்ட வேண்டும். நாலு வருஷம் நன்றாகவே நடத்தினார். மேலூர்ப் பக்கக் கள்ளர் நாட்டை இரும்புக் கையால் அடக்கினார், இதைக் கொடுமை என்று சொல்வதுதான் நியாயம். 1761-ல் நெற்கட்டுஞ்செவல் புலித்தேவரின் கோட்டைகளையும் பிடித்தார். அதனால்தான் அவரைச் சுதந்திரப் போராட்ட வீரர் என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பெனிக்காகப் புலித்தேவரை ஒடுக்கியவரும் இவர்தான். இன்னொரு பக்கம், குளங்களைச் சரி செய்தார், நெசவாளர்களை ஆதரித்தார், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மறுபடி கொடுத்தார்.

நவாப் முகமது அலிக்கு இது பொறுக்கவில்லை. மதுரை என் நாடு, இவன் என் வேலைக்காரன், பணத்தை என்னிடம் கட்டட்டும் என்றார். யூசுப் கான் 7 லட்சம் தரத் தயார், குத்தகையைத் தொடருங்கள் என்று கேட்டார். கம்பெனி யோசித்தது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்துவிட்டது, பிரெஞ்சு பயம் போய்விட்டது. நவாபோ கம்பெனிக்குப் பெரிய கடன்காரர். கடன்காரரின் சொத்து பெருகினால்தானே கடன் திரும்பும்! பொறுப்பை நவாப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 182-ம் பிரிவில் ஏஜென்ட் யார், பிரின்சிபல் யார் என்று விளக்கம் உண்டு. அதைப் படித்தபோது எனக்குக் கான்சாகிபுதான் கண்முன் வந்தார். பத்து வருஷமாகக் கம்பெனியின் ஆள் என்று நினைத்து உழைத்தவரிடம், உன் எஜமான் வேறொருவர் என்றார்கள். கம்பெனியின் கமாண்டன்ட் என்ற பதக்கம் கையில் இருக்கிறது. ஆனால் ஓர் ஆங்கிலேயக் கேப்டனை இப்படி நவாபுக்குக் கைமாற்றி விட்டிருப்பார்களா? விடமாட்டார்கள். அவனிடம் கமிஷன் இருக்கிறது.

1763-ல் யூசுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் சில வீரர்களும் துணை. அந்த ஆண்டு மான்சன் தலைமையில் வந்த கம்பெனி, நவாப் படைகள் முற்றுகையிட்டு, முடியாமல் நவம்பர் மழையில் பின்வாங்கின. 1764-ல் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் வந்தார். ஜூன் 26-ல் கோட்டை மீது பெரும் தாக்குதல். அதுவும் தோல்வி. அதில் பட்ட காயத்தில் மேஜர் பிரெஸ்டன் இறந்தார். கம்பெனி சொல்லிக்கொடுத்த போர்முறையைக் கம்பெனி மீதே திருப்பினார் கும்மந்தான். அந்தக் கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து வெளிவீதிகள் ஆக்கிவிட்டார். பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம். தினமும் அதைத் தாண்டித்தான் நாம் பஸ் பிடிக்கிறோம்.

மோதிப் பார்த்து முடியாததால் கேம்ப்பெல் வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார். திருச்சியில் சோறு கொண்டுவந்து பேர் வாங்கியவர் மதுரையில் சோறில்லாமல் மடங்கினார். உள்ளே ஆட்கள் தளர்ந்தார்கள். அக்டோபர் 13-ம் தேதி அவர் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவும் மார்ஷானும் ஹக்கீம் பாபா சாகிபும் சேர்ந்து தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கோட்டை கைமாறியது. அக்டோபர் 15-ல் சம்மட்டிபுரம் முகாமில் தூக்கு.

இடையில் இரண்டே நாள். விசாரணை இல்லை. ஹெரோனுக்குக் கிடைத்த ராணுவ நீதிமன்றம் இவருக்குக் கிடையாது. நவாபின் கலகக்கார வேலைக்காரன் என்று முடித்துவிட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறைதான் உயிர் போனது, உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் பல ஊருக்கு அனுப்பினார்கள் என்பது மதுரையில் வழங்கும் கதை. கணக்கெழுத வந்த கிளைவ், அதற்கு 2 வருஷம் முன்னால், 1762-ல், பிரபு பட்டம் வாங்கியிருந்தார்.

சரி, இதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. கம்பெனி இந்த மாதிரி ஓர் ஆளை மறுபடி உருவாக்கவே இல்லை. லாலி வந்த 1758-ல் இருந்தே மதராஸ் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகப் பிரித்து ஆங்கிலேய ஆபீசர்களின் கீழே வைக்க ஆரம்பித்திருந்தார்கள். 'நேட்டிவ் கமாண்டன்ட்' என்ற பதவி பட்டாலியன் அளவில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் போயே போய்விட்டது. அதன் பிறகு இந்தியனுக்கு உச்சி சுபேதார்தான். 19-ம் நூற்றாண்டு முழுக்க அப்படியே. பெரியப்பாவின் பதவிக்கு அப்படி ஒரு பூர்வீகம்.

இந்தியருக்கும் மன்னரின் கமிஷன் தரலாம் என்று 1917-ல்தான் அறிவித்தார்கள், அதுவும் முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போன பிறகு. 1918 முதல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் வருஷத்துக்கு 10 இடம். 1932-ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி திறந்தபோது முதல் பேட்ச் 40 பேர். இதில் 15 இடம் படையில் ஏற்கெனவே சிப்பாயாக இருந்தவர்களுக்கு. அந்தப் பேட்சில் மானெக்ஷா இருந்தார், அது எல்லோருக்கும் தெரியும். அதே பேட்சில் 1926-ல் சாதாரண ஜவானாகச் சேர்ந்து, படையில் இருந்து தேர்வான முகமது மூசா என்பவரும் இருந்தார். பிரிவினைக்குப் பிறகு அவர் பாகிஸ்தான் போனார். 1965 போரில் நமக்கு எதிரே அந்த ராணுவத்தின் தலைமைத் தளபதி அவர்தான். சிப்பாய் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நமக்குப் பிடிக்காத ஒரு உதாரணம், ஆனாலும் உதாரணம்தானே.

சுதந்திரத்துக்குப் பின் 1960-ல் புனேயில் ஆர்மி கேடட் காலேஜ் வந்தது. 1977-ல் டேராடூனுக்கு மாறி அகாடமியின் ஒரு பிரிவாகவே ஆனது. அங்கே 3 வருஷம் பட்டப்படிப்பு, பிறகு அகாடமியில் 1 வருஷம் பயிற்சி, வெளியே வரும்போது தோளில் நட்சத்திரம். அண்ணன் குறிவைப்பது இதைத்தான்.

அவர் லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் பைக்கில் சம்மட்டிபுரம் போனோம். காளவாசல் தாண்டி தேனி ரோட்டில் கான்சாகிபு பள்ளிவாசல். அடக்கம் செய்த இடத்தின் மேல் 1808-ல் கட்டியது. சின்ன இடம். வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஹார்ன் அடித்துக்கொண்டு போகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். நான் திருச்சி, பொன்னியப்பா, குத்தகை என்று எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தேன்.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த மெடலோட கமிஷன் பேப்பர் எதுவும் குடுத்தாய்ங்களா அவருக்கு?"

"ராஜா கையெழுத்துப் போட்ட கமிஷனா? அதெல்லாம் நம்மாளுகளுக்கு 1917-க்கு அப்புறம்தான்ணே" என்றேன்.

"ம்" என்றார். வரும் வழியில் மேலமாசி வீதியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, இங்கிலீஷ் கிராமர் புத்தகம் ஒன்று வாங்கினார். எழுத்துத் தேர்வில் அவருக்கு அந்தப் பேப்பர்தான் கொஞ்சம் உதைக்கிறதாம்.